இதே பொருள், குறைந்த விலையில்

அக்காவுக்கு மார்பில் அறுவை சிகிச்சை முடிந்து வீட்டுக்கு அழைத்து வந்த அன்று, பீரோ நிறையத் துணி இருந்தும் அவள் உடுத்துவதற்கு ஒன்றுகூட இல்லை. இடது கையைத் தோளுக்கு மேல் தூக்க முடியாது. தலை வழியாகப் போடும் எதுவும் ஆகாது. விலாவிலிருந்து ஒரு குழாய் இறங்கி ஒரு சின்ன பிளாஸ்டிக் புட்டியில் முடிந்தது. அந்தப் புட்டியை எங்கேயாவது மாட்டி வைக்க வேண்டும். முன்பக்கம் ஜிப் வைத்த பழைய நைட்டி ஒன்றைப் போட்டுவிட்டேன். அரை மணி நேரத்தில் ஜிப் தையலில் உரசி அவள் அழ ஆரம்பித்துவிட்டாள். ஆபரேஷனுக்கு அழாதவள், டாக்டர் நோயின் பெயரைச் சொன்னபோதுகூட அழாதவள், ஒரு நைட்டிக்காக அழுதாள். எனக்கு வந்த கோபத்தில் அந்த நைட்டியைக் கத்தரிக்கோலால் நறுக்கிக் குப்பையில் போட்டேன்.

நான் அப்போது ஓசூர் ரோடு பக்கம் ஒரு கார்மெண்ட்ஸ் கம்பெனியில் ஆபீஸ் வேலையில் இருந்தேன். வெளிநாட்டுக்குப் போகும் சட்டைகளின் மாதிரிகளைச் சரிபார்ப்பது என் வேலை. எந்தத் தையல் எங்கே உறுத்தும் என்று பார்த்துப் பழகிய கண். மறுநாளே வெள்ளைக் காகிதத்தில் ஒரு சட்டை வரைந்தேன். முன்பக்கம் முழுக்கத் திறக்கும். ஒரு பக்கம் இன்னொரு பக்கத்தின் மேல் மடிந்து இடுப்போரம் நாடாவால் கட்டிக்கொள்ளும். அக்குளில் தையலே இல்லை. உள்பக்கம் புட்டிக்கு ஒரு பை. நாலைந்து தடவை துவைத்து மெத்தென்றாகிவிட்ட பருத்தித் துணி. நீலசந்திராவில் அக்கா வீட்டுத் தெருவிலேயே தையல் மிஷின் வைத்திருக்கும் ஒரு பெண் தைத்துக் கொடுத்தாள். அக்கா அதை உடுத்திக்கொண்டு தானாகவே நாடாவைக் கட்டினாள். கட்டிவிட்டு, "ஒருத்தர் உதவி இல்லாம நான் கட்டினேன், பாத்தியா?" என்றாள்.

அதோடு முடிந்திருக்க வேண்டியது. ஆஸ்பத்திரியில் கைக்குப் பயிற்சி கொடுக்கும் பிசியோதெரபிஸ்ட் அந்தச் சட்டையைப் பார்த்துவிட்டு, "எங்க வாங்கினீங்க? இன்னும் ரெண்டு பேருக்கு வேணும்" என்றார். ரெண்டு பேர் பத்துப் பேரானார்கள். மைசூரிலிருந்து ஒருத்தி, சேலத்திலிருந்து ஒருத்தி எனப் போன்கள் வந்தன. நான் வேலையை விட்டேன். ஆஸ்டின் டவுனில் எங்கள் வீட்டு முன்னறையில் துணிக் கட்டுகள் வந்து உட்கார்ந்தன. என் வீட்டுக்காரர் கட்டிலை உள்ளறைக்கு இழுத்துப் போட்டுவிட்டு, "உன் கம்பெனி திறந்தாச்சு" என்றார். தெரிந்த பையன் ஒருவன் சின்னதாக ஒரு இணையக் கடை அமைத்துக் கொடுத்தான்.

கடைக்குப் படம் வேண்டுமே. அக்காவைத்தான் மொட்டைமாடியில் நிற்க வைத்து என் போனில் எடுத்தேன். "மூஞ்சி வேணாம்டி" என்றாள். அவள் முகவாய்க்குக் கீழே தொடங்கி இடுப்பு வரைக்கும் எடுத்தேன். காரை எலும்பு ஓரத்தில் சின்ன வயதில் எண்ணெய் தெறித்த தழும்பு புளியங்கொட்டை அளவுக்கு இருக்கும். அதுவும் படத்தில் விழுந்தது. அதை அழிக்க எனக்குத் தோன்றவில்லை. இந்தச் சட்டையை உடுத்தப்போகிறவர்களுக்குத் தழும்பு புதிதில்லை.

இந்த நேரத்தில்தான் ஒரு பெண்ணின் போன் வந்தது. விலைகளை ஒப்பிட்டுக் காட்டும் ஒரு இணையதளத்திலிருந்து பேசினாள். தமிழ்ப் பெண். குரலில் அப்படி ஒரு பணிவு.

"மேடம், உங்க ப்ராடக்ட் சூப்பர் மேடம். ஆனா யாருக்கும் தெரியல பாத்தீங்களா? எங்க சைட்ல போட்டீங்கன்னா, கஸ்டமர் எதைத் தேடினாலும் எல்லாக் கடை விலையும் பக்கத்துல பக்கத்துல வரும். உங்க கடை மேல கிளிக் பண்ணா நேரா உங்ககிட்ட வந்துடுவாங்க. ஒவ்வொரு கிளிக்குக்கும் சின்னதா ஒரு அமவுண்ட் மட்டும்."

எனக்கு அது நியாயமாகத்தான் பட்டது. எங்கள் சட்டை தேவைப்படுகிறவளுக்கு அப்படி ஒன்று இருக்கிறது என்பதே தெரியாது. தெரிந்தால் வாங்குவாள். சரி என்றேன். பொருள்களை எந்தப் பிரிவில் போடுவது என்ற கேள்வி வந்தபோது முதல் இடறல்.

"மருத்துவம்னு ஏதாவது இருக்காம்மா?"

"மெடிக்கல்ல போட்டா லைசென்ஸ் கேக்கும் மேடம். நைட்வேர்ல போட்டுடலாம். அதுலதான் தேடறவங்க ஜாஸ்தி."

"இது நைட்டி இல்லம்மா. ஆபரேஷன் ஆனவங்க போடறது."

"எனக்குப் புரியுது மேடம். ஆனா சிஸ்டத்துல வேற டப்பா இல்லையே. ஏதாவது ஒண்ணுல போட்டாதான் உள்ளயே விடும்."

போட்டோம்.

முதல் வாரம் எனக்கு ஒரே குஷி. நூற்றுக்கணக்கில் ஆள் வருகிறார்கள் என்று திரை காட்டியது. தையல்காரப் பெண்ணிடம் துணி கூடுதலாக வெட்டி வைக்கச் சொன்னேன். ஆனால் ஆர்டர் மட்டும் வரவில்லை. வந்தவர்கள் எட்டிப் பார்த்துவிட்டுப் போய்க்கொண்டே இருந்தார்கள். என்னதான் தேடிக்கொண்டு வருகிறார்கள் என்று பார்த்தேன். அந்தத் தளத்தில் அதைப் பார்க்க ஒரு வழி இருந்தது. ஆட்கள் தட்டச்சு செய்து தேடிய வார்த்தைகள் அப்படியே வரிசையாக வந்தன. அந்த வார்த்தைகளை இங்கே எழுத மாட்டேன். என் அக்காவின் படத்துக்கு முன்னால் அந்த வார்த்தைகளோடு ஆண்கள் வந்து நின்றிருக்கிறார்கள் என்பது மட்டும் போதும்.

அடுத்த சில நாளில் ஒருவன் போன் செய்தான். கடையின் எண் தளத்தில் இருந்தது. "போட்டோவுல இருக்கறது நீங்களா?" என்று கேட்டான். ஆஸ்டின் டவுனில் வளர்ந்தவளுக்கு மூன்று மொழியில் திட்டத் தெரியும். தமிழில் ஆரம்பித்து, கன்னடத்தில் அவன் அம்மாவை விசாரித்து, பக்கத்து வீட்டுப் பாயம்மாவிடம் கற்ற தக்னி உருதுவில் முடித்தேன். அவன் வைத்துவிட்டான். வைத்த பிறகுதான் எனக்கு உறைத்தது. அவன் பார்த்ததற்கு நான் காசு கட்டியிருக்கிறேன். அவன் கிளிக் செய்ததற்கு என் கணக்கில் பிடித்துக்கொண்டிருப்பார்கள். என் அக்காவைப் பார்க்கும்படி அவனை நானே அழைத்து, வந்ததற்குக் கூலியும் கொடுத்திருக்கிறேன்.

அந்தத் தளத்துப் பெண்ணைக் கூப்பிட்டுக் கத்தினேன். "மேடம், சில வேர்ட்ஸ தடுத்து வைக்கலாம் மேடம். ஆனா அதுக்கு அடுத்த பிளானுக்கு மாறணும்" என்றாள், அதே பணிவோடு.

"என் வீட்டு வாசல்ல சாக்கடையைத் திருப்பி விட்டுட்டு, மூடி போட தனிக் காசு கேக்கறியா?" என்றேன்.

"மேடம், நான் உங்க ஃபீட்பேக்க மேல சொல்றேன்" என்றாள்.

அன்றைக்கே அந்தத் தளத்திலிருந்து விலகியிருக்கலாம். என் வீட்டுக்காரரும் அதைத்தான் சொன்னார். ஆனால் அந்தக் கூட்டத்துக்கு நடுவே நிஜமாகவே சட்டை தேவைப்பட்ட ஒருத்தி ராய்ச்சூரிலிருந்து வாங்கியிருந்தாள். இன்னொருத்தி வரலாம் என்று இருந்தேன்.

வந்தாள். ஆனால் வாங்க வரவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. நானும் அக்காவும் முன்னறையில் உட்கார்ந்து பார்சல் கட்டிக்கொண்டிருந்தோம். அக்கா அதற்குள் தேறியிருந்தாள். மருந்துக்குக் கொட்டிய முடி கொஞ்சம் முளைத்திருந்தது. வாசலில் ஸ்கூட்டர் நின்றது. ஐம்பது வயது இருக்கும் ஒரு அம்மா, காட்டன் புடவை, கையில் ஹெல்மெட்டோடு படியேறி வந்தார். பையிலிருந்து ஒரு துணியை எடுத்து எங்கள் மேஜை மேல் வீசினார்.

"ஏன்ரீ, நிமகெ அக்க தங்கி யாரூ இல்வா?"

உங்களுக்கு அக்கா தங்கை யாரும் கிடையாதா என்று. நான் எழுந்துவிட்டேன். நானும் கன்னடத்திலேயே, யார் நீங்கள், என்ன வேண்டும் என்றேன். அக்கா என்னிடம் தமிழில் "இருடி, முதல்ல இன்னான்னு கேளு" என்று சொன்னதும் அந்த அம்மா தமிழுக்கு மாறினார். பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சராம். தமிழ்ப் பிள்ளைகளோடு பேசிப் பேசி வந்த தமிழ்.

"எங்க தங்கச்சிக்கு ஆபரேஷன் ஆச்சு. உங்க படம் பாத்து, உள்ள பை இருக்கு, தையல் உறுத்தாதுன்னு படிச்சு, நம்பி வாங்கினேன். நீங்க அனுப்பினது இது. ஒரு நாள் போட்டா. தோல் உரிஞ்சு ரத்தம் வந்துடிச்சு. திரும்ப ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டு ஓடினேன். நீங்க எல்லாம் சாப்பாடுதான் சாப்பிடறீங்களா?"

மேஜை மேல் கிடந்ததைக் கையில் எடுத்தேன். வழுவழுவென்று வியர்வை உறிஞ்சாத துணி. நட்ட நடுவில் கழுத்திலிருந்து கீழே வரை ஜிப். பை இல்லை, நாடா இல்லை, அக்குளில் மூன்று தையல் ஒன்று சேர்ந்து முடிச்சாக நின்றது.

"இது எங்களுது இல்லம்மா."

"படம் உங்களுதுதானே? அந்தப் படத்தை வெச்சுத் தேடித்தான் உங்க அட்ரஸ் கண்டுபிடிச்சேன்."

அக்கா, கட்டி வைத்த பார்சல் ஒன்றைப் பிரித்து, எங்கள் சட்டையை அவர் கையில் கொடுத்தாள். டீச்சர் அதைத் தடவிப் பார்த்தார். திருப்பி உள்பக்கத்தைப் பார்த்தார். பைக்குள் விரலை விட்டார். பிறகு தன் போனை எடுத்து, தான் வாங்கிய பக்கத்தைத் திறந்து எங்களிடம் நீட்டினார்.

நாங்கள் காசு கட்டிக்கொண்டிருந்த அதே விலை ஒப்பிடும் தளம். மேலே எங்கள் படம்: என் அக்காவின் கழுத்து, தோள், தழும்பு, எங்கள் நாடா. அதன் பக்கத்தில் நான் கேள்விப்பட்டே இராத ஒரு கடையின் பெயர். பச்சை எழுத்தில் 'இதே பொருள், குறைந்த விலையில்' என்று போட்டிருந்தது. அதற்குக் கீழே அதே படம் மறுபடியும், இந்த முறை எங்கள் கடையின் பெயரோடு. எங்கள் விலைக்குப் பக்கத்தில் சிவப்பாக 'விலை அதிகம்'. அந்த இரண்டு சொல்லையும் நான் எவ்வளவு நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன் என்று தெரியவில்லை. எவனோ எங்கள் படத்தைத் திருடி, கைக்குக் கிடைத்த குப்பையை அந்தப் படத்தின் பெயரில் விற்கிறான். அந்தத் தளம் அவனை நல்லவன் என்றும், எங்களைக் கொள்ளைக்காரிகள் என்றும் எழுதி ஊருக்குக் காட்டுகிறது.

"ரெண்டும் ஒண்ணுன்னு போட்டிருக்கான்" என்றார் டீச்சர். குரல் இறங்கியிருந்தது. "ஒண்ணுன்னா கம்மியா இருக்கறதைத்தானே எடுப்பேன்? நான் என்ன தப்பு பண்ணேன்?"

"நீங்க ஒண்ணும் தப்பு பண்ணல" என்றாள் அக்கா.

டீச்சர் என் பக்கம் திரும்பினார். "நீங்க எதுக்கு அந்தக் கும்பல்ல போய் நின்னீங்க?"

எனக்கு அவர் மேலேயும் கோபம் வந்தது. எங்களைப் போன்றவர்கள் வேறு எங்கே போய் நிற்பது? பெரிய ரோட்டில் கடை பிடிக்கவா முடியும்? அடுப்படிக்குப் போய்க் காபி போட்டேன். திரும்பி வந்தபோது அக்கா தன் ஆபரேஷன் கதையை அவரிடம் சொல்லிக்கொண்டிருந்தாள். டீச்சர் தங்கையின் கதையைச் சொல்லிக்கொண்டிருந்தார். போகும்போது அவர் பையில் எங்கள் சட்டைகள் இரண்டை அக்கா திணித்து அனுப்பினாள்.

அந்தத் தளத்துக்கு நான் எழுதிய கடிதங்களுக்குக் கணக்கில்லை. எதை எழுதினாலும் ஒரே பதில்தான் வந்தது: உங்கள் கருத்து எங்களுக்கு முக்கியம். ஒரு கடிதத்தில் வேண்டுமென்றே, 'உங்கள் தளத்தால் ஒரு பெண்ணுக்கு ரத்தம் வந்தது' என்று ஒரே ஒரு வரி எழுதினேன். அதற்கும் அதே பதில், கடைசியில் எங்கள் சேவைக்கு எத்தனை நட்சத்திரம் கொடுப்பீர்கள் என்ற கேள்வியோடு. போன் பேசிய பெண் என் அழைப்பை எடுப்பதை நிறுத்திவிட்டாள். டீச்சரிடம் சொன்னேன். "ஆபீஸ் எங்க இருக்கு?" என்று கேட்டார். வெளிவட்டச் சாலை என்றேன். "ஸ்கூல் லீவு அன்னிக்குப் போலாம்" என்றார். அக்காவை வர வேண்டாம் என்றேன். கேட்கவில்லை. "திருட்டுப் போனது என் உடம்பு. நீ எதுக்கு எனக்காகப் பேசற?" என்றாள்.

மூன்று பேரும் பஸ்ஸில் போனோம். கண்ணாடிக் கட்டடம். வாசலில் செக்யூரிட்டி, யாரைப் பார்க்க வேண்டும், அப்பாயின்ட்மென்ட் இருக்கிறதா என்றார். இல்லை என்றோம். அப்படியென்றால் மேலே விட முடியாது என்றார். அவரைச் சொல்லிக் குற்றமில்லை. "பரவால்ல, காத்திருக்கோம்" என்று டீச்சர் வரவேற்பறை சோபாவில் போய் உட்கார்ந்தார். பையிலிருந்து பரீட்சைப் பேப்பர் கட்டை எடுத்து மடியில் வைத்துத் திருத்த ஆரம்பித்துவிட்டார். கண்ணாடி மேஜை பூராவும் விடைத்தாள் பரவியது. டை கட்டிய விருந்தாளிகள் சுற்றிக்கொண்டு போனார்கள். ரிசப்ஷனில் இருந்தவள் இரண்டு முறை வந்து கெஞ்சினாள். சிவப்புப் பேனாவைத் தூக்காமலே டீச்சர், "மேலேர்ந்து யாராவது வந்தா எழுந்துக்கறேன்" என்றார்.

மதியச் சாப்பாட்டு நேரம் தாண்டிய பிறகு இரண்டு பேர் இறங்கி வந்தார்கள். ஒருத்தி அந்தப் போன் பெண். குரலை வைத்து நான் நினைத்திருந்ததைவிடச் சின்னவள். படிப்பை முடித்து நேராக வந்தவள் போல இருந்தாள். கூட வந்தவர் அவளுடைய மேலதிகாரி. ஊர்க்காரர்தான், கன்னடம் பேசுகிறவர். ஆனாலும் எங்களிடம் ஆங்கிலத்திலேயே ஆரம்பித்தார்.

நாங்கள் விற்பதில்லை, காட்டுவது மட்டும்தான் என்றார்.

"தப்பா காட்டறீங்க" என்றேன்.

மனிதர் யாரும் பார்த்துச் சேர்ப்பதில்லை, மெஷின் சேர்க்கிறது என்றார். இரண்டு கடையிலும் படம் ஒன்றாக இருந்தால், பொருளும் ஒன்று என்று அது எடுத்துக்கொள்ளும் என்று பொறுமையாக விளக்கினார்.

அதைக் கேட்டதும் எனக்குத் தலைக்கு ஏறியது. "அதாவது, அவன் என் படத்தைத் திருடினான். திருடினதாலயே ரெண்டும் ஒரே பொருள்னு நீங்க சர்டிபிகேட் கொடுத்துட்டீங்க. திருடாம இருந்திருந்தா அவன் சரக்கு வேற, என் சரக்கு வேறன்னு உங்க மெஷினுக்குத் தெரிஞ்சிருக்கும். அப்படித்தானே?"

அசல் படம் உங்களுடையது என்பதற்கு ஆதாரம் வேண்டும் என்றார். போனில் இருந்த படத்தைக் காட்டினேன். இதை யார் வேண்டுமானாலும் இறக்கி வைத்துக்கொண்டிருக்கலாமே என்றார். எங்கள் பிராண்டு பதிவு செய்யப்பட்டதா என்று கேட்டார். மற்றக் கடைக்காரர் முறைப்படி எல்லாம் பதிந்து வைத்திருக்கிறார் என்றார்.

அப்போது அக்கா சோபாவிலிருந்து எழுந்து அவர் எதிரில் போய் நின்றாள். துப்பட்டாவை எடுத்து என்னிடம் கொடுத்தாள். சுடிதாரின் கழுத்தை ஒரு விரலால் ஓரமாக இழுத்தாள். எண்ணெய்த் தழும்பு தெரிந்தது. அதற்குக் கொஞ்சம் கீழே புதுத் தழும்பின் நுனியும் தெரிந்தது.

"படத்தைப் பக்கத்துல வெச்சுப் பாருங்க. இந்தக் கழுத்து என்னுது. இதுக்கு எங்க போய் ரெஜிஸ்டர் பண்ணணும், சொல்லுங்க."

அந்தச் சின்னப் பெண் தரையைப் பார்த்தாள். அதிகாரி முகத்தைத் திருப்பிக்கொண்டு, "ப்ளீஸ் மேடம், இங்க இதெல்லாம் வேண்டாம்" என்றார். ஏதோ செய்யக்கூடாத ஒன்றை அக்கா செய்துவிட்டது போல.

டீச்சர் பேனாவை மூடினார். கன்னடத்தில், ஒரு வகுப்பு முழுக்கக் கேட்கும் குரலில் சொன்னார்: "அவங்க உடம்பை ஊர் பூரா நீங்க காட்டி காசு வாங்கலாம். அவங்களே காட்டினா மட்டும் உங்களுக்குக் கூச்சமா?"

பார்க்கிறேன் என்றார் அதிகாரி. நிச்சயமாகப் பார்க்கிறேன் என்றார். திரும்பிப் போகும்போது அந்தப் பெண் மட்டும் நின்று, அக்காவின் கையைத் தொட்டு, "சாரி ஆன்ட்டி" என்றாள். அக்கா அவள் தலையைத் தடவினாள். எனக்கு அதுகூடப் பிடிக்கவில்லை. பஸ்ஸில் வரும்போது கேட்டேன். "அவ என்னடி பண்ணுவா? சம்பளத்துக்குப் பேசறா" என்றாள். என்னால் அவ்வளவு சீக்கிரம் யாரையும் மன்னிக்க முடியாது.

அந்த அதிகாரி பார்த்தார். சீக்கிரமே அந்தப் போலிக் கடையின் பக்கம் காணாமல் போனது. சந்தோஷப்பட்டு டீச்சருக்குப் போன் போடுவதற்குள் எனக்கு ஒரு கடிதம் வந்தது. தளத்தின் நெறிமுறைக்குப் பொருந்தாத, உடலை வெளிப்படுத்தும் படத்தைப் பயன்படுத்தியதால் எங்கள் கடையையும் நீக்கிவிட்டார்களாம். எங்கள் படம் ஆபாசமாம். தோளிலிருந்து இடுப்பு வரைக்கும் மூடிய ஒரு சட்டை, அதற்குள் நோயிலிருந்து எழுந்து வந்த ஒரு பெண், அது ஆபாசம். இத்தனை நாள் அதே படத்தைக் காட்டிக் கிளிக்குக்குக் கிளிக் வாங்கிக்கொண்டபோது தெரியாத ஆபாசம். கடிதத்தில் யாருடைய பெயரும் இல்லை. பதில் எழுதவும் வழியில்லை. அன்று வீட்டில் யாரும் என்னோடு பேசவில்லை. பேசியிருந்தால் யாரையாவது அடித்திருப்பேன்.

அந்தப் போலிக் கடைக்காரன் அதோடு ஒழியவும் இல்லை. மழைக்காலம் முடிவதற்குள் வேறு பெயரில் திரும்பி வந்தான். டீச்சர்தான் கண்டுபிடித்து அனுப்பினார். இந்த முறை படத்துக்கு முகம் வந்திருந்தது. கம்ப்யூட்டர் செய்து கொடுத்த முகம். இருபது வயசுப் பெண், மாசு மருவில்லாத வெளுத்த தோல், பல் தெரிய ஒரு சிரிப்பு. அந்தத் தலை என் அக்காவின் கழுத்தில் உட்கார்ந்திருந்தது. தழும்பை அழித்திருந்தார்கள். ஆனால் நாடாவை அக்கா கட்டியிருந்த விதம், பின்னால் மொட்டைமாடிச் சுவரில் காரை பெயர்ந்த இடம் எல்லாம் அப்படியே இருந்தன. அக்காவிடம் காட்டலாமா வேண்டாமா என்று யோசித்துக் கடைசியில் காட்டினேன். கொஞ்ச நேரம் பார்த்தாள். சிரித்துவிட்டாள்.

"நல்லாதான் கீறா பொண்ணு. எனக்குக் கல்யாணத்தப்பவே இப்படி ஒரு மூஞ்சி கொடுத்திருக்கலாம்."

"சிரிக்காதக்கா."

"அழுதா மட்டும் எடுத்துடுவானா?"

அவளுக்குச் சிரிக்க உரிமை உண்டு. எனக்கு இல்லை. போலீஸ் ஸ்டேஷனுக்குப் போய்ப் புகார் கொடுத்தேன். அங்கே இருந்த பெண் போலீஸ் நல்ல மாதிரியாகத்தான் பேசினார். இந்த மாதிரி நிறைய வருகிறது என்றார். விற்பவன் எந்த ஊரில் இருக்கிறான் என்பதே தெரியவில்லை, பார்ப்போம் என்றார். இன்னும் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். நானும் விடவில்லை. மாதம் ஒருமுறையாவது போய் அந்த நாற்காலியில் உட்கார்ந்துவிட்டு வருகிறேன். என்னைப் பார்த்ததும் அவர் டீ சொல்லிவிடும் அளவுக்குப் பழகிவிட்டோம்.

இப்போது எந்தத் தளத்திலும் விளம்பரம் செய்வதில்லை. பிசியோதெரபிஸ்ட் சொல்லி வருகிறவர்கள், டீச்சர் சொல்லி வருகிறவர்கள், அவர்கள் சொல்லி வருகிறவர்கள். டீச்சரின் தங்கை குணமாகி, தான் போகும் ஆஸ்பத்திரியில் ஒரு சட்டையைக் கொண்டுபோய் வைத்திருக்கிறாள். தொட்டுப் பார்த்துவிட்டு வாங்குகிறார்கள். வியாபாரம் கொஞ்சம்தான். தையல்காரப் பெண்ணுக்கு வாரம் முழுக்க வேலை கொடுக்க முடியவில்லை. அவள் பாதி நாள் பள்ளிச் சீருடை தைக்கிறாள். இதைச் சொல்ல எனக்கு எரிகிறது. நல்ல பொருள் தானாக விற்றுக்கொள்ளும் என்று யாராவது என்னிடம் சொன்னால் அவர்களோடு பேச்சை முறித்துக்கொள்கிறேன்.

போன வாரம் ஹுப்ளி பக்கத்திலிருந்து ஒரு பெண் கூப்பிட்டாள். மாமியாருக்கு ஆபரேஷன். சட்டையைப் பற்றி எல்லாம் விசாரித்துவிட்டுக் கடைசியில், "ஆன்லைன்ல இதே சட்டை பாதி விலைக்கு இருக்கே, நீங்க ஏன் இவ்வளவு சொல்றீங்க?" என்றாள்.

"அது இதே இல்லம்மா!" என்று கத்திவிட்டேன். "இதே, இதேன்னு எவன் சொன்னான் உனக்கு?"

எதிர்முனையில் அவள் பயந்துபோய், "ஏன் இப்படிக் கத்தறீங்க? நான் சும்மா கேட்டேன்" என்றாள். அக்கா எழுந்து வந்து என் கையிலிருந்து போனைப் பிடுங்கிக்கொண்டாள். கன்னடத்தில் நிதானமாகப் பேசினாள். மாமியாருக்கு எந்தப் பக்கம் ஆபரேஷன், குழாய் இன்னும் இருக்கிறதா, கை எவ்வளவு தூரம் தூக்குகிறார்கள் என்று கேட்டாள். எங்கே வாங்கினாலும் சரி, ஜிப் இருந்தால் மட்டும் போட்டுவிடாதீர்கள், அக்குளில் கையை விட்டுத் தையலைத் தடவிப் பாருங்கள் என்றாள். ரொம்ப நேரம் பேசினாள். நான் மேஜையில் துணியைப் பிடித்தபடி நின்றேன்.

"வாங்கறாளா?" என்றேன், அவள் வைத்ததும்.

"யோசிச்சு சொல்றேன்னா."

"அங்கதான் வாங்குவா."

"வாங்கினா வாங்கட்டும். ஜிப்பைப் பிரிச்சுட்டு நாடா தைக்கறது எப்படின்னு சொல்லிக் கொடுத்திருக்கேன்."

நான் அவளை முறைத்தேன். அவள் போனைத் தன் மடியில் வைத்துக்கொண்டு, "இனிமே வர்ற போனெல்லாம் நான் எடுக்கறேன். நீ வெட்டற வேலையைப் பாரு" என்றாள். அன்றிலிருந்து அப்படித்தான். போன் அவளிடம் இருக்கிறது. கத்தரிக்கோல் என்னிடம்.